கூற்றுரிமை: அமெரிக்கப் புதினம் இரண்டில் இனமும் வர்க்கமும்

1. முன்னுரை

அமெரிக்க நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் விடுதலை குறித்து நூறாண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்துவரும் சொற்போர் ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் உழலும் துன்பத்திற்கு முதற்காரணம் இனமா, வர்க்கமா என்பதே அது. வெள்ளையர் கொண்ட நிறவெறுப்பே காரணம். ஆதலின் கறுப்பர் தமக்குள் ஒன்றுபட்டு நிற்றலே வழி என்பர் ஒரு சாரார். நிறவெறுப்பு என்பது தொழிலாளரைப் பிரித்தாள முதலாளிகள் கொண்ட கருவியே. இரு நிறத்துத் தொழிலாளரும் ஒன்றுபடின் அது தானே தேயும் என்பர் மற்றொரு சாரார். இயக்கங்கள் பல இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே தோன்றி வளர்ந்து பிளவுண்டு மறைந்துள்ளன.

இச்சொற்போர் இலக்கியத் திறனாய்விலும் புகுந்தது. ரிச்சர்டு ரைட் 1940இல் வெளியிட்ட ‘நேட்டிவ் சன்’, ரால்ஃப் எல்லிசன் 1952இல் வெளியிட்ட ‘இன்விசிபிள் மேன்’ ஆகிய இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த அமெரிக்கப் புதினங்களுள் வைத்து எண்ணப்படுவன. இரண்டிலும் கறுப்பின இளைஞன் ஒருவன் இடதுசாரி இயக்கம் ஒன்றனை எதிர்ப்படுகின்றான். முன்னது வர்க்கக் கொள்கைக்குச் சார்பாகவும், பின்னது அதற்கு மறுப்பாகவும் எழுந்தன எனக் கூறுதல் திறனாய்வாளர் பலரிடம் வழக்கமாயிற்று. முன்னதனை ‘மண்ணின் மகன்’ என்றும், பின்னதனைக் ‘காணப்படாத மனிதன்’ என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

அவ்வழக்கு நூல்களின் அமைப்பொடு பொருந்தவில்லை என்பது எம் கருத்து. இவ்விரு புதினங்களும் இனம், வர்க்கம் என்னும் இரண்டனுள் ஒன்றனைக் கொண்டு மற்றதனைத் தள்ளுவன அல்ல. இரண்டும் அதிகாரம் என்னும் மூன்றாவதொரு பொருளை ஆராய்கின்றன. அரசினர் கையிலும் செல்வர் கையிலும் உள்ள அதிகாரம் எல்லாரும் அறிந்தது. விடுதலை இயக்கத்தின் உள்ளேயே யார் பேசுவது, யார் கேட்பது, யாருக்கு யார் பெயரிடுவது என்னும் வடிவில் அமைந்த அதிகாரமே இவற்றின் தனி ஆராய்ச்சிப் பொருள்.

இதனைக் காண்பதற்குத் தமிழ்ச் செய்யுளியல் நமக்கு ஒரு கருவி தருகின்றது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களை எண்ணுங்கால் கூற்று, கேட்போர், களன் என்பனவற்றையும் உறுப்புக்களாகக் கொண்டார். ஒரு பாட்டின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. அச்சொல் யாருடையது, யார் கேட்பச் சொல்லப்பட்டது, எவ்விடத்துச் சொல்லப்பட்டது என்பனவற்றிலும் உள்ளது என்பது இதனாற் பெறப்படும். அகப்பாட்டில் தலைவிக்காகத் தோழி பேசுகின்றாள். பிறர்க்காகப் பேசுதல் ஈண்டுக் குற்றமாவதில்லை. தோழி தலைவியின் உள்ளத்தை அறிந்தவள். தலைவிக்கும் தனக்கெனக் கூற்று உண்டு. இவ்விரண்டும் இல்லாவழி, பிறர்க்காகப் பேசுவோன் எத்துணை நல்லெண்ணம் உடையவனாயினும் அவன் பேச்சு பிறர் வாயை அடைப்பதாகவே முடியும். இவ்வளவுகோலைக் கொண்டு இரு நூல்களையும் நோக்குவோம்.

2. வரலாற்றுப் பின்னணி

புதினங்களுக்குள் புகுமுன் அவற்றின் பின்னணியைச் சுருங்கக் காண்டல் வேண்டும்.

1892இல் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த டாம் வாட்சன் என்னும் உழவர் தலைவர், கறுப்பு உழவரும் வெள்ளை உழவரும் ஒருவரையொருவர் வெறுக்குமாறு வைக்கப்பட்டிருப்பதே இருவர் பொருளும் கொள்ளைபோதற்குக் காரணம் என எழுதினார். அவர் சார்ந்த மக்கள் கட்சி 1896ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சிதைந்தது. அதே வாட்சன் பின்னாளிற் கறுப்பரின் வாக்குரிமையைப் பறிக்கும் முயற்சிக்குத் துணைநின்றார். கடுமையான இனவெறுப்பு எழுத்துக்களை வெளியிட்டார். 1920இல் செனட் அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வர்க்க ஒற்றுமையைப் பேசிய வாய் எத்துணை எளிதில் இனவெறுப்பைப் பேசலாயிற்று என்பதற்கு இவர் வாழ்வு சான்றாகும்.

இம்மாற்றத்தின் காரணத்தை ஆராய்ந்தவருள் தலையாயவர் டு பாய்ஸ். உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி 1935இல் அவர் வெளியிட்ட பெருநூல், தென்னாட்டு வெள்ளைத் தொழிலாளர் பணமாகப் பெற்ற கூலி குறைவாயினும், வெள்ளையர் என்ற முறையில் பொதுவிடங்களில் பெற்ற மதிப்பு மற்றொரு கூலியாக அவர்களுக்கு அமைந்தது என்று நிறுவியது. அவ்விரண்டாங் கூலியை இழக்க விரும்பாமையால் அவர்கள் தம்மையொத்த வறிய கறுப்பரோடு சேராது, தம்மைச் சுரண்டிய செல்வரோடு சேர்ந்தனர். இனமும் வர்க்கமும் ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடக்கும் முறை இதனால் விளங்கும்.

அமெரிக்கப் பொதுவுடைமைக் கட்சி இப்பின்னலை அவிழ்க்க முயன்ற இயக்கங்களுள் ஒன்று. 1931இல் அலபாமா மாநிலத்து ஸ்காட்ஸ்பரோவில் கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் பொய்க்குற்றம் சாட்டப்பட்டபோது, கட்சியைச் சார்ந்த வழக்காடு மன்றமே அவர்களுக்காக முன்வந்து நின்றது. வாரக் குடிகளையும் சுரங்கத் தொழிலாளரையும் கட்சி திரட்டியது. 1941 ஜூன் திங்களில் ஜெர்மனி சோவியத்து நாட்டின்மேற் படையெடுத்தபின் போர் வெற்றியே முதற்கடன் எனக் கட்சி கொண்டது. நிறவேற்றுமைக்கு எதிரான போராட்டத்தின் விசை அதனாற் குறைந்தது எனக் கறுப்பின எழுத்தாளர் சிலர் மனங்கசந்தனர். மிசிசிப்பியிற் பிறந்து, 1927இல் சிக்காகோவை அடைந்து, 1930களில் கட்சியிற் சேர்ந்த ரைட், 1944இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையால் தம் விலகலை உலகறியச் செய்தார். 1936இல் நியூயார்க்கு வந்து ரைட்டின் தூண்டுதலால் எழுத்துத் துறையிற் புகுந்த எல்லிசனும் இடதுசாரி இதழ்களில் எழுதிப் பின் விலகியவரே. ஆதலின் இருவரும் இயக்கத்தைப் புறத்தே நின்று பழித்தவர் அல்லர், உள்ளிருந்து அறிந்தவர்.

3. மண்ணின் மகன்

அச்சம், ஓட்டம், ஊழ் எனப் பொருள்படும் மூன்று பகுதிகளாக அமைந்தது ரைட்டின் புதினம். அதன் தலைவன் பிக்கர் தாமஸ் இருபது வயதினன். சிக்காகோவின் தென்பகுதியில் தாய், தங்கை, தம்பி ஆகியோருடன் ஓர் அறையில் வாழ்பவன். டால்டன் என்னும் வெள்ளைச் செல்வரின் வீட்டிற் காரோட்டியாக அமர்கின்றான். முதல் நாள் இரவே, குடித்து மயங்கிய அவர் மகள் மேரியை அவள் அறையிற் கொண்டுசேர்க்குங்கால், கண் தெரியாத அவள் தாய் அங்கு வர, அஞ்சி மேரியின் முகத்தைத் தலையணையால் அழுத்துகின்றான், அவள் இறக்கின்றாள். அதன்பின் தன் காதலி பெஸ்ஸியையும் கொல்கின்றான்; பிடிபடுகின்றான்; இறப்புத் தண்டனை பெறுகின்றான்.

டால்டனின் படைப்பில் ரைட்டின் வர்க்க நோக்கு கூர்மையாகப் புலப்படுகின்றது. அவர் கறுப்பர் கல்விக்குப் பெரும்பொருள் வழங்கும் வள்ளல். கறுப்பினச் சிறுவர் மன்றத்திற்கு மேசைப்பந்து மேசைகள் அளித்தவர். பிக்கரின் குடும்பம் எலியோடு போராடி வாழும் அவ்வறைக்கு வாடகை பெறும் நிறுவனமும் அவருடையதே. கறுப்பர்க்கு அப்பகுதிக்கு வெளியே வீடு தருவதில்லை என்னும் வழக்கத்தால் அங்கு வாடகை உயர்ந்து நிற்கின்றது. கொடையாகக் கொடுப்பது வாடகையாகப் பெற்றதில் ஒரு கூறே. இனவேற்றுமை ஈண்டுப் பணமாகின்றது. டு பாய்ஸ் நிறுவிய பின்னலைப் புதினம் ஒரு வீட்டு வாடகையிற் காட்டிவிடுகின்றது.

ஆயினும் புதினத்தின் நுட்பமெல்லாம் டால்டனிடம் இல்லை. அவர் மகளிடமும், அவள் நண்பனான ஜான் எர்லோன் என்னும் பொதுவுடைமையாளனிடமும் உள்ளது. இருவரும் நல்லவர். ஜான் பிக்கரின் கையைப் பற்றிக் குலுக்குகின்றான். தன்னை ‘ஐயா’ என விளிக்க வேண்டா என்கின்றான். கறுப்பர் உண்ணும் உணவகத்திற்கு அவனை அழைத்துச்சென்று தம்முடன் அமர்ந்து உண்ண வற்புறுத்துகின்றான். மேரி அவன் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று காண ஆவல் கொள்கின்றாள். இவற்றால் பிக்கரின் உள்ளத்தில் எழுவது நன்றியன்று, நாணமும் வெறுப்புமே. ஏன்? ‘எம்மொடு சமமாக இரு’ என்பதும் ஒரு கட்டளையே. அதனை இடுவோர் முதலாளியின் மகளும் அவள் நண்பனும். மறுக்கும் உரிமை காரோட்டிக்கு இல்லை. சமத்துவம் மேலிருந்து வழங்கப்படுங்கால் அது அதிகாரத்தின் மற்றொரு முகமாகிவிடுகின்றது. அவர்கள் வினாக்கள் பல வினவினும் அவற்றுக்குக் கேட்போர் இல்லை; விடையை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர்.

மூன்றாம் பகுதியில் வழக்கறிஞர் மேக்ஸ் தோன்றுகின்றார். இயக்கத்தின் சார்பில் வந்த அவர் நீதிமன்றத்தில் ஆற்றும் நீண்ட உரையையே நூலின் உயிர்ப்பகுதியாகக் கொண்டவர் பலர். நூலின் பெருங்குறையாகக் கண்டவரும் பலர். பிக்கரை உருவாக்கியது சமுதாயமே என்று அவ்வுரை வாதிடுகின்றது. வாதம் சிறந்ததே. ஆயின் கூற்று நோக்கில் அதன் நிலை யாது? பிக்கருக்காகப் பேசப்படும் அவ்வுரை பிக்கருக்கு முற்றும் விளங்கவில்லை. தனக்காக ஒருவர் இத்துணை முயன்று பேசினார் என்னும் பெருமிதமே அவனுக்கு எஞ்சுகின்றது.

ரைட் உரையோடு நூலை முடித்திருப்பின், அது கட்சிப் பரப்புரை என்னும் பழிக்கு இடமாகியிருக்கும். அவர் அவ்வாறு முடிக்கவில்லை. வழக்கிற்கு முன் ஓர் இரவு சிறையில் மேக்ஸ் பிக்கரிடம் அவன் வாழ்வைப் பற்றியும் விருப்பங்களைப் பற்றியும் வினவுகின்றார். பிறந்தது முதல் எவரும் அவனிடம் அவ்வாறு வினவியதில்லை. அவ்விரவில் தான் ஒரு மனிதனாகக் கேட்கப்பட்டோம் என்பதையே அவன் இறுதிவரை பற்றி நிற்கின்றான். தண்டனை நாள் நெருங்கியபோது அவ்விரவைப் பற்றி மேக்ஸிடம் பேசத் தொடங்குகின்றான். மேக்ஸோ எந்த இரவு என வினவுகின்றார்! அவருக்கு அது வழக்கிற்கு வேண்டிய செய்தி திரட்டல். அவனுக்கு அது வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த கூற்றுரிமை. புதினத்தின் உச்சம் இதுவே என யாம் கருதுகின்றோம்.

பின்னர்ப் பிக்கர் தன் செயலைத் தன் சொல்லால் விளக்க முற்படுகின்றான். அச்சொல் மேக்ஸின் கொள்கைக்கு அடங்குவதாக இல்லை. கேட்கத் தகாததாகவும் உள்ளது. மேக்ஸ் அச்சத்தால் பின்வாங்கிக் கண்ணிழந்தார் போலத் தம் தொப்பியைத் தடவி எடுக்கின்றார். பிறர்க்காகப் பேசியவர், அப்பிறர் பேசத் தொடங்கியவுடன் கேட்க மாட்டாராயினார்.

எனினும் ரைட் தோழமையை மறுத்தாரல்லர். காதலியை இழந்த ஜான் சிறைக்கு வந்து, தான் குருடனாயிருந்ததை ஒப்புக்கொண்டு, பிக்கருக்குத் துணைநிற்க முன்வருகின்றான். நூலின் இறுதியில் பிக்கர் ஜானுக்கு வணக்கம் சொல்லியனுப்புகின்றான். முதலில் மரியாதைச் சொல்லைச் சேர்த்துத் தொடங்கி, அதனை விடுத்து, வெறும் பெயராற் குறிக்கின்றான். முதல் நாள் கட்டளையாக வந்த சமத்துவம் இறுதி நாளில் அவன் வாயினின்று தானே பிறக்கின்றது. இத்தகைய சிறு சொல் மாற்றத்தில் ரைட்டின் கலைத்திறன் விளங்குகின்றது.

4. காணப்படாத மனிதன்

எல்லிசனின் புதினம் 1953இல் அமெரிக்கத் தேசிய நூற்பரிசு பெற்றது. அதன் தலைவனுக்கு நூல் முழுவதும் பெயர் இல்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. ஆண்டுப் பெயரின்மை, காதல் எல்லார்க்கும் பொதுவாதலைக் காட்டும். ஈண்டோ, தலைவனுக்குப் பெயர் கொடுப்போர் எப்பொழுதும் பிறராகவே இருத்தலின், அவன் தனக்கென ஒரு பெயர் பெறாதுபோனமையை அது காட்டுகின்றது.

இப்புதினத்தைத் தலைவன் ஆற்றும் உரைகளின் வரலாறு எனக் கூறின் மிகையாகாது. முதல் உரை தென்னாட்டு ஊர் ஒன்றில் வெள்ளைப் பெருமக்கள் முன் நிகழ்கின்றது. கறுப்பினச் சிறுவரைக் கண்கட்டி ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ளச் செய்து மகிழ்ந்தபின், குருதி ஒழுகும் வாயோடு அவனைப் பேசவிடுகின்றனர். சமுதாயப் பொறுப்பு எனச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய்தவறிச் சமத்துவம் என்று சொல்லிவிடுகின்றான், அவை சீறுகின்றது, உடனே திருத்திக்கொள்கின்றான். பரிசாக ஒரு தோற்பையும் கல்லூரிக் கல்விக்கான உதவியும் கிடைக்கின்றன. பேச்சுரிமை யாரிடமிருந்து பெறப்படுகின்றதோ அவர் விரும்பும் சொல்லே பேசப்படும் என்பது இதனாற் புலனாகும்.

கல்லூரித் தலைவர் பிளெட்சோ கறுப்பினத்தவரே. வெள்ளையர் முன் பணிந்து நின்று, கறுப்பர்மேல் ஆட்சி செலுத்துபவர். தம் இருக்கையைக் காத்தற்காக எவரையும் பலியிடத் தயங்காதவர். இனம் ஒன்றாயிருத்தல் மட்டும் நலத்தை ஒன்றாக்கிவிடாது என்பதற்கு எல்லிசன் தரும் சான்று இவர். கல்லூரியினின்று நீக்கப்பட்டு நியூயார்க்கு சேரும் தலைவன் வண்ணச்சாய ஆலையில் வேலை பெறுகின்றான். அங்குள்ள தொழிற்சங்கத்தார் அவனை நோக்கிய முதற்கணமே ஒற்றனோ என ஐயுறுகின்றனர். சங்கத்தை வெறுக்கும் கறுப்பினக் கிழவன் அவனைச் சங்கத்தான் என அடிக்க வருகின்றான். வர்க்கம் ஒன்றாயிருத்தலும் தானே நம்பிக்கையை விளைவிப்பதில்லை என்பது இதனாற் போதரும்.

இரண்டாம் உரை ஹார்லெமில் நிகழ்கின்றது. வாடகை செலுத்த இயலாத முதிய கணவனும் மனைவியும் தெருவிற்குத் தள்ளப்படுகின்றனர். பனியிற் சிதறிய தட்டுமுட்டுப் பொருள்களிடையே, அக்கிழவர் அடிமைத்தளை நீங்கியதைக் காட்டும் பழைய தாள் ஒன்று கிடக்கின்றது. அதனைக் கண்ட தலைவன் தன்னை மறந்து பேசுகின்றான். நூலில் எவர் அனுமதியும் இன்றி, தன் மக்கள் முன், தன் உள்ளத்தினின்று அவன் பேசும் முதல் உரை இதுவே. அதனைக் கேட்டு நின்ற ஜேக் என்னும் வெள்ளையர், ‘உடன்பிறப்பியம்’ எனத்தக்க இயக்கத்தின் தலைவர். அவனைச் சம்பளத்திற்கு அமர்த்துகின்றார். புதிய பெயர் ஒன்று எழுதிய தாளை உறையிலிட்டுக் கொடுக்கின்றார். அன்று முதல் அவன் பேச்சு இயக்கத்தின் உடைமையாகின்றது. மக்கள் ஆரவாரித்த உரை, அறிவியல் முறைக்கு மாறானது எனக் குழுவாற் கண்டிக்கப்படுகின்றது. அவன் பயிற்சிக்கு அனுப்பப்படுகின்றான்.

இயக்கத்தின் நிலையை எல்லிசன் ஓர் இரும்புத் துண்டால் விளக்குகின்றார். டார்ப் என்னும் முதியவர், ஒரு வெள்ளையனுக்கு ‘முடியாது’ என்று சொன்ன ஒன்றற்காகப் பத்தொன்பது ஆண்டுகள் தளையுண்டு உழைத்துத் தப்பியவர். அராவி முறித்த அத்தளையின் வளையத்தைத் தலைவனுக்கு அளிக்கின்றார். அதனை மேசைமேல் வைத்ததைக் கண்ட மற்றோர் உறுப்பினன், அது நம்மிடையே உள்ள வேற்றுமையை நினைவூட்டும், எடுத்துவிடுக என்கின்றான். கல்லூரித் தலைவர் பிளெட்சோவின் மேசையிலும் ஒரு தளை இருந்தது. அது முறியாதது, வழவழப்பானது. இனத்தின் முன்னேற்றத்திற்கு அடையாளம் என அவர் காட்டுவது. ஒருவர் தளையை அணிகலனாக்கினார். மற்றவர் மறைக்கச் சொன்னார். டார்ப்பின் அறுபட்ட வளையம் இருவர்க்கும் ஏலாததாயிற்று. பழைய துன்பத்தின் நினைவு மக்களிடமே இருக்குமாயின் அவர்கள் தாமே பேசத் தொடங்குவர் அன்றோ?

கிளிஃப்டன் என்னும் தோழன் காவலனாற் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தலைவன் குழுவின் இசைவின்றி இறுதி ஊர்வலம் நடத்தி உரையாற்றுகின்றான். அவ்வுரையிற் கொள்கை விளக்கம் இல்லை. இறந்தவன் பெயரே மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. குழு கூடி வினவுகின்றது. சிந்திப்பதற்காக உன்னை அமர்த்தவில்லை எனும் கருத்தை ஜேக் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றார். அச்சினத்திடையே அவருடைய கண்ணாடிக் கண் கழன்று விழுகின்றது. வழிகாட்ட வந்தவர் தலைவனை ஒருநாளும் முழுதாகக் கண்டதில்லை என்பதனை இவ்வொரு நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இயக்கத்தைத் துறந்த தலைவன் இன ஒற்றுமை ஒன்றையே முழங்கும் ராஸ் என்பவனிடம் சேர்கின்றானா எனின், இல்லை. ஹார்லெம் கலவரத்தில் குதிரைமீது ஈட்டியுடன் வரும் ராஸ், தலைவனைத் துரோகி எனத் தூக்கிலிடச் சொல்கின்றான். அவனும் கேட்பவன் அல்லன். அவன் அறைகூவல் வறிய மக்களைத் துப்பாக்கி முன் நிறுத்துவதற்கே பயன்படுகின்றது. இயக்கக் குழுவும் அக்கலவரத்தை உள்ளூர எதிர்நோக்கியிருந்தது எனத் தலைவன் உணர்கின்றான். ஓடுங்கால் நிலக்கரி அறையொன்றில் விழுந்து, இருளில் வழி காணத் தன் தோற்பையிலுள்ள தாள்களை ஒவ்வொன்றாக எரிக்கின்றான். இயக்கத்திற் புதுப்பெயர் எழுதிக் கொடுத்த தாளும், தன்னை அச்சுறுத்தி வந்த பெயரில்லாக் கடிதமும் ஒரே கையெழுத்தில் இருத்தலை அவ்வொளியிற் காண்கின்றான். பெயரிட்ட கையே அடக்கிய கையும் ஆயிற்று. இயக்கத்தின் அதிகாரம் பற்றி இந்நூல் கூறும் உண்மை அனைத்தும் இக்காட்சியில் அடங்கும்.

5. மாறுபட்ட கருத்துக்கள்

இப்புதினத்தைக் கொண்டு வர்க்க இயக்கங்கள் யாவும் பொய் என்பார் கூற்றுக்கு மறுப்பு உண்டு. பார்பரா ஃபோலி 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எல்லிசனின் முன்வரைவுகளை அச்சு நூலோடு ஒப்பிட்டு, முதல் வரைவுகளில் இடதுசாரி மாந்தர் பரிவோடு படைக்கப்பட்டிருந்தனர் என்றும், பனிப்போர்ச் சூழலில் அப்பகுதிகள் குறைக்கப்பட்டன என்றும் காட்டியது. ராபின் கெல்லி 1990இல் வெளியிட்ட நூல், அலபாமாவிற் கட்சி உறுப்பினராக இருந்த கறுப்பினத் தொழிலாளரும் வாரக் குடிகளும் மேலிருந்து வந்த கொள்கையை அப்படியே ஏற்காது, தம் திருச்சபை மரபையும் பாட்டையும் கலந்து கட்சியைத் தமதாக்கிக்கொண்டனர் என விளக்குகின்றது.

இவற்றை யாம் ஏற்கின்றோம். எல்லிசனின் நூல் கட்சியின் வரலாறு அன்று. அதன்கண் கட்சியின் பெயரும் இல்லை. ஆயின் கெல்லி காட்டும் சான்று எம் கருத்தை வலியுறுத்துவதேயாகும். அலபாமாவில் இயக்கம் வேரூன்றியது, பேசியோரும் கேட்டோரும் ஒரே மக்களாக இருந்த இடத்தில். ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் எழுதிய கட்டுரையில், ‘மண்ணின் மகன்’ கறுப்பரை வெறும் சீற்றத்தின் உருவாகச் சுருக்கிற்று எனக் குறைகூறினார். பிக்கரின் தொடக்கத்தை மட்டும் நோக்கின் இது பொருந்தும். இறுதிச் சிறைக் காட்சியை நோக்கின், சுருக்கியவர் மேக்ஸ் என்பதும், அச்சுருக்கத்தை மீறி எழுபவன் பிக்கர் என்பதும் தோன்றும்.

6. இரு நூல்களிலும் காணும் குறை

கூற்றுரிமையை ஆராயும் இப்புதினங்கள் தாமே ஒருவர்க்கு அதனை மறுத்துள்ளன. பெஸ்ஸி வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் உழைத்துக் களைத்தவள். இனத்தாலும் வர்க்கத்தாலும் மட்டுமன்றிப் பெண்ணாதலாலும் துன்புறுபவள். மேரியின் கொலையை மெய்ப்பிக்கும் பொருட்டு அவள் உடல் மன்றத்தில் ஒரு பொருளாகக் காட்டப்படுகின்றது. தன்னை இவ்வாறு பயன்படுத்துவதை அவள் வெறுத்திருப்பாள் எனப் பிக்கரே நினைக்கின்றான். ரைட் அநீதியை அறிந்திருந்தார். ஆயின் அவளுக்குரிய கதையை அவர் சொல்லவில்லை. எல்லிசனின் நூலிலும், தலைவனுக்கு உணவும் உறைவிடமும் தந்த மேரி ராம்போ தாய்மையின் உருவாக வந்து மறைகின்றாள். இனம், வர்க்கம், பால் ஆகிய ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை என்பதனைப் பாஸ்டன் நகரக் கறுப்பினப் பெண்களாகிய கோம்பாகி ஆற்றுக் குழுவினர் 1977இல் தம் அறிக்கையால் எடுத்துரைத்தனர். அவ்வறிக்கையின் ஒளியில் இக்குறை தெற்றென விளங்கும்.

7. வரலாறு தந்த உரை

புதினம் கண்ட உண்மையைப் பின்வந்த வரலாறும் மெய்ப்பித்தது. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் 1964இல் தமக்கெனச் சுதந்திர ஜனநாயகக் கட்சி கண்டு, அட்லாண்டிக் சிட்டியிற் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டிற்குத் தம் பேராளரை அனுப்பினர். அவருள் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பருத்தித் தோட்டத்தில் வாரக் குடியாக உழைத்தவர். 1962இல் வாக்காளராகப் பதிய முயன்றமைக்காகத் தோட்டத்தினின்று வெளியேற்றப்பட்டவர். 1963இல் வினோனா சிறையிற் கொடுமையாக அடிக்கப்பட்டவர். அவர் 1964 ஆகஸ்டு 22இல் குழுமுன் சான்று கூறுங்கால், தொலைக்காட்சியின் நோக்கைத் திருப்பக் குடியரசுத் தலைவர் ஜான்சன் தாமே செய்தியாளரைக் கூட்டினார். எனினும் ஹேமரின் பேச்சு அன்றிரவு நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று.

பின்னர்க் கட்சித் தலைமை இணக்கம் ஒன்று முன்வைத்தது. இரண்டு இருக்கைகள் தரப்படும். அவற்றில் அமர்வோர் இருவரையும் தலைமையே குறித்திருந்தது. அவ்விருவருள் ஹேமர் இல்லை. ஏற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தியோருள் குடியுரிமை இயக்கத்தின் நண்பரும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவருமான வால்ட்டர் ரூதரும் ஒருவர். பேராளர் மறுத்துவிட்டனர். இருக்கையின் தொகை சிறிதாயிருந்தமை ஒரு காரணம்; தமக்காகப் பேசுவோரைப் பிறர் குறித்தமை அதனினும் பெரிய காரணம். உறையிலிட்ட பெயரைப் பெற்றுக்கொண்ட எல்லிசனின் தலைவன் செய்யாததை வாரக் குடிகள் செய்தனர். வர்க்கத்தின் பெயரால் வந்த நண்பரும், தம் இனத்துத் தலைவர் சிலரும் ஒருபுறம் நின்றனர். பேசும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்த எளியோர் மறுபுறம் நின்றனர். இனம், வர்க்கம் என்னும் இரு சொற்கள் மட்டுங்கொண்டு இந்நிகழ்ச்சியை விளக்க இயலாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘மண்ணின் மகன்’ வர்க்கத்தின் நூல், ‘காணப்படாத மனிதன்’ இனத்தின் நூல் என்னும் பாகுபாடு நிலைபெறாமை பெறப்படும். ரைட் தோழமையின் தேவையை உணர்ந்து, அது தோழமையாவதற்கு முன் கேட்டலாக வேண்டும் என்றார். எல்லிசன் இயக்கத்தின் கொள்கையைக் காட்டிலும் அதன் அவையமைப்பை ஆராய்ந்து, யார் யாருக்குப் பெயரிடுகின்றனர் எனக் காட்டினார். இருவரும் ஒரே வழக்கின் இரு சான்றுகள்.

இந்நூல்களை மாணவர்க்குப் பயிற்றுவோர் இவற்றைத் துன்ப வரலாறாகவும் எதிர்ப்பிலக்கியமாகவும் மட்டும் காட்டி அமைதல் போதாது. ஒடுக்கப்பட்டோர்க்காக எழுதப்படும் எந்நூலையும், எழுப்பப்படும் எவ்வியக்கத்தையும் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றனையும் வைத்து வினவும் பழக்கத்தை இவை கற்பிக்கின்றன. அவ்வினா திறனாய்வாளராகிய நம் எழுத்துக்கும் உரியதேயாகும். நாமும் பிறர்க்காகப் பேசுவோரே. பெஸ்ஸியின் கூற்று இன்னும் எழுதப்படாதிருக்கின்றது என்பதனை நினைவிற்கொண்டு இந்நூல்களைப் பயிலுதல் நம் கடன்.